போட்டோ கேமராவை நம்பி வீடியோ வேலையை ஏற்கலாமா?

2008ஆம் ஆண்டில் நிக்கான் டி90, கேனான் 5டி மார்க் 2 ஆகிய இரண்டும் வந்தபின், போட்டோ எடுக்கும் கேமராவிலேயே பெரிய சென்சாருக்குரிய அழகோடு வீடியோவும் எடுக்க முடியும் என்று ஆயிற்று. படத்தின் தரத்தைப் பற்றி இனி ஐயம் வேண்டியதில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் கேமரா கடைசிவரை தாக்குப்பிடிக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதை நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு முகூர்த்தத்தில் கற்றேன். சடங்கு தொடங்கியதும் பதிவை ஓடவிட்டு, ட்ரைபாடின் அருகிலேயே நின்றிருந்தேன். கெட்டிமேளம் கொட்டியபோது திரையைப் பார்த்தால் சிவப்புப் புள்ளியைக் காணவில்லை. 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானாகவே நின்றிருந்தது. அரை மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதியக்கூடிய கருவியை வீடியோ கேமராவாகக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்கவரி விதித்து வந்ததால், பல நிறுவனங்கள் அந்த வரம்பைக் கேமராவுக்குள்ளேயே வைத்துவிட்டன. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டதுபோல, எங்கோ விதித்த வரி கடலூரில் தாலி கட்டும் காட்சியை விழுங்கிவிட்டது. புதிய மாடல்கள் பலவற்றில் இந்த வரம்பு இல்லை. ஆனால் பழைய கேமராவை வாங்குபவர் இதைக் கேட்டே வாங்க வேண்டும்.

வேலையை ஏற்குமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். மதிய வேளையில் மின்விசிறியை அணைத்துவிட்டு, முழு பேட்டரியும் காலி கார்டும் போட்டு, வேலையில் பயன்படுத்தப்போகும் அதே தரத்தில், கேமரா தானாக நிற்கும்வரை ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்றுவிசிறி இல்லாத சிறிய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராக்கள் 4கே என்னும் உயர்தரப் பதிவில் சூடேறி நின்றுவிடுவதுண்டு. திரையைக் கேமராவின் உடலிலிருந்து விலக்கித் திறந்து வைத்தால் சூடு சற்றுக் குறையும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 45 ஜிபி இடம் பிடிக்கும். அந்த வேகத்துக்கு வி30 என்று குறித்த (நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும்) கார்டு போதும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 ஃபிரேம் வைத்து ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்தால் மண்டப விளக்குகளின் பட்டைகள் பெரும்பாலும் படத்தில் விழுவதில்லை. அதே 1/50ஐப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நண்பகலில், லென்ஸின் எஃப் 2.8 என்னும் அகலத் துளையோடு வைத்தால், காந்தி சிலை வெறும் வெள்ளையாகிவிடும்; ஏறத்தாழ ஆறு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) குறைக்கும் என்டி ஃபில்டர் என்னும் கருமையான கண்ணாடி தேவைப்படும். தொழில்முறை வீடியோ கேமராக்கள் பலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது; இங்கே லென்ஸின் முன்னால் திருக வேண்டும். பக்கத்துப் போட்டோகிராஃபரின் ஃபிளாஷ் அடிக்கும்போது படத்தின் பாதி மட்டும் வெளுத்துப்போவதற்கு மட்டும் படமெடுக்கும்போது தீர்வில்லை. சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதன் விளைவு அது. இரண்டாவது கேமராவின் காட்சியை அங்கே வைத்து வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கேமராவிலுள்ள மைக்கை ஒருபோதும் நம்பாதீர்கள். நாதஸ்வரமும் தவிலும் அருகில் முழங்கினால் ஒலி உடைந்துவிடும். ஆட்டோஃபோகஸ் மோட்டாரின் முனகலும் சேர்ந்து பதியும். தனி ரெக்கார்டரில் பதிந்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்துங்கள்.

விளம்பரம், குறும்படம், நேர்காணல் போன்று துண்டு துண்டாக எடுக்கும் வேலைக்கு இந்தக் கேமராக்களைத் தயங்காமல் கொண்டுசெல்லலாம். இரண்டு மணி நேரப் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கோ, வைத்திக்குப்பத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்று எடுக்கும் மாசி மகத் தீர்த்தவாரிக்கோ, நீண்ட மோட்டார் ஜூம் கொண்ட வீடியோ கேமராவை அன்று மட்டும் வாடகைக்கு எடுப்பதே மேல். கடற்கரையில் எதைப் பயன்படுத்தினாலும், உப்புக் காற்றில் லென்ஸை மாற்றாமல், வீடு திரும்பியதும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடலைத் துடைத்துவிடுங்கள்.