அம்மம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும்போது

அம்மம்மாவுக்கு 91 வயது. காய்ச்சலே இல்லை, கிணற்றடியில் நின்று என்னை யாரென்று கேட்டார். முதியவர்களுக்கு வைரஸ் சுவாசத் தொற்று சிலவேளை இப்படித் தடுமாற்றமாகவே தொடங்கும். நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் முச்சக்கரவண்டி தேடாதீர்கள். இலங்கையில் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

மருந்துச் சிட்டை, மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி மூன்றும் பையில் இருக்கட்டும். கண்ணும் காதும் இல்லாமல் கிடந்தால் குழப்பம் கூடும். (நாங்கள் திருநீற்றை மட்டும் மறக்கவில்லை.)

வைத்தியர் வயதை மட்டும் பார்ப்பதில்லை. நோய்க்கு இரண்டு வாரம் முன் எப்படி இருந்தார் என்றும் கேட்பார். ‘நன்றாக இருந்தார்’ என்பது போதாது. தனியே குளித்தாரா, நல்லூருக்கு நடந்து போனாரா என்று சொல்லுங்கள். செயற்கைச் சுவாசக் குழாய்க்கு முன், மூக்குவழி அதிவேக ஒட்சிசன் போதுமா என்று கேளுங்கள். குழாயை அவர் விரும்புவாரா என்பதையும் பேசுங்கள். அம்மம்மா முன்பே வேண்டாம் என்றிருந்தார். கனடா மாமாவிடம் அதைச் சொல்லத்தான் பயந்தோம்.