ஹாலியில் பழம் வேண்டுமா? விதை வேண்டாம், குச்சி நடுங்கள்

வீட்டுத் தோட்டத்து ஹாலியில் (கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் வரும் முள்ளிலைப் புதர்) சிவப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்க வேண்டுமானால், ஏற்கெனவே பழம் பிடித்திருக்கும் புதரிலிருந்து அரைச் சாண் குச்சி வெட்டி நடுங்கள். இந்த ஆண்டு துளிர்த்துப் பாதி முற்றிய கிளையாக இருக்கட்டும்.

பப்பாளியைப் போலவே ஹாலியிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடிதான் பழுக்கும். விதை முளைக்கவே இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகலாம். முளைத்தது ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. தாய்ச்செடி பெண் என்றால் குச்சியும் பெண்ணே. ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்து அமில மண் ஹாலிக்கு நன்றாகவே பொருந்தும். சுண்ணாம்பு போட்டு அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

தேனீ வந்துபோகும் தொலைவில் ஆண் செடி இல்லையென்றால் இது பலிக்காது. அப்போது ஆண் புதரிலிருந்தும் ஒரு குச்சி வேண்டும். பூவின் நடுவில் பச்சைக் குமிழ் பருத்திருந்தால் பெண்; மகரந்தம் தூவும் நான்கு கேசரங்கள் ஓங்கி நின்றால் ஆண். சீன ஹாலியின் பர்ஃபோர்டு போன்ற சில ரகங்களுக்குத் துணை தேவையில்லை.

பழம் நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து நடுங்கள்.