ட்ரிகர் திரையில் கோடு ஆடாமல் நின்றால் நிம்மதியடைய வேண்டாம்

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் துகள் முடுக்கியான எல்.எச்.சி. வளையத்தில் புரோட்டான் கொத்துகள் 25 நானோ விநாடி இடைவெளியில் சுற்றி வருகின்றன. காலியாக விடப்படும் இடங்களைக் கழித்தாலும் விநாடிக்கு ஏறக்குறைய 3 கோடி தடவை எதிரெதிரே சந்திக்கின்றன. எந்த மோதலைப் பதிய வேண்டும் என்று அந்தக் கணமே தேர்ந்தெடுக்கும் அமைப்புதான் ட்ரிகர். வளையத்தில் உள்ள அட்லஸ் என்ற கருவியில் முதல் கட்ட ட்ரிகர் அதை ஒரு லட்சம் அளவுக்குக் குறைக்கும். அடுத்த கட்டத்தில் கணினிகள் அதையும் சில ஆயிரமாக்கும். மீதி போனது போனதுதான். பகுப்பாய்வில் பிழை வந்தால் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். ட்ரிகர் தவறவிட்ட மோதலை யாராலும் மீட்க முடியாது.

2008-லிருந்து தென்னாப்பிரிக்கா செர்னுடன் கூட்டுத் திட்டத்தில் இருக்கிறது. விட்ஸ், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகங்கள் அட்லஸிலும், ஐதெம்பா ஆய்வகமும் கேப் டவுன் பல்கலைக்கழகமும் ஆலிஸ் என்ற இன்னொரு கருவியிலும் பங்கெடுத்திருக்கின்றன. டர்பனில் இயற்பியல் படித்துவிட்டு ட்ரிகர் திரையைக் கண்காணிக்க வரும் நம் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, மொத்த வேகத்தை (விநாடிக்கு ட்ரிகர் ஏற்கும் எண்ணிக்கையை) மட்டும் பார்ப்பது. கற்றை நேரம் போகப்போகத் தேயும், லுமினாசிட்டி (மோதல்கள் எவ்வளவு அடர்த்தியாக நடக்கின்றன என்ற அளவு) இறங்கும், ட்ரிகர் வேகமும் கூடவே இறங்க வேண்டும். அது இறங்காமல் நின்றால் ஏதோ ஒரு சென்சார் செல் சத்தம் போடுகிறது, அதாவது பொய் சிக்னல் தருகிறது என்று சந்தேகப்படுங்கள்; எந்தத் திசையில் எண்ணிக்கை குவிகிறது என்ற வரைபடத்தைத் திறந்தால் அந்த ஒற்றைப் புள்ளி தனியாகத் தெரியும். (லுமினாசிட்டியை வேண்டுமென்றே சமமாக வைத்திருக்கும் மணிநேரங்கள் வேறு கதை.) வேகத்தை லுமினாசிட்டியால் வகுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மியூவான் (எலக்ட்ரான் போன்ற, ஆனால் கனமான துகள்) ட்ரிகருக்கு அது ஓரளவு சமமாக வரும். காணாமல்போன ஆற்றலைத் தேடும் ட்ரிகருக்கு வராது. ஒரே நேரத்தில் பல மோதல்கள் குவியும்போது அது செங்குத்தாக ஏறும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்காதீர்கள்.

வேகம் திடீரென பாதியானதும் பதறி எல்லாரையும் எழுப்புவது அடுத்தது. முதலில் பிரீஸ்கேல் (தேறியவற்றில் இத்தனையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்ற எண்) மாறியதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது மாற்றியிருந்தால் பாதியாவதில் என்ன ஆச்சரியம்? பிரீஸ்கேலுக்கு முன், பின், டெட் டைமுக்குப் (கருவி வேலையாக இருந்து புதிதாக எதையும் ஏற்க முடியாத நேரம்) பின் என்ற மூன்று எண்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் தவறு ஒளிந்திருக்கலாம். 2016, 2017-இல் எல்.எச்.சி.யின் இன்னொரு கருவியான சி.எம்.எஸ்.ஸில் நடந்ததை நான் அடிக்கடி சொல்வேன். முனைப்பகுதி கலோரிமீட்டரில் (துகள்களின் ஆற்றலை அளக்கும் பகுதி) சிக்னலின் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ட்ரிகர் அந்த ஆற்றலை முந்தைய சந்திப்பின் கணக்கில் எழுதியது. ஒன்றை ஏற்றுக்கொண்டால் அடுத்ததை உடனே ஏற்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஒன்றுமில்லாத முந்தைய சந்திப்பு பதிவானது, உண்மையான மோதல் கதவுக்கு வெளியே நின்றது. எண்ணிக்கையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வாளர்கள் ஒவ்வொரு நிகழ்வுக்கும் திருத்த எடை போட்டுக் கணக்கை ஈடுகட்ட வேண்டியிருந்தது. அதனால் சிக்னல் எந்தச் சந்திப்பில் விழுகிறது என்ற நேரப் படம் சலிப்பாக இருந்தாலும், தாண்டிப் போகாதீர்கள்.

ட்ரிகரின் திறனை அதே ட்ரிகர் பிடித்த நிகழ்வுகளிலேயே அளப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் மட்டும் “அழைப்பு வந்ததா?” என்று கேட்டால் நூற்றுக்கு நூறு ஆமாம்தான் வரும். சம்பந்தமில்லாத வேறொரு ட்ரிகர் எடுத்த நிகழ்வுகளில் அளக்கலாம். இல்லையென்றால் இசட் துகள் இரண்டு மியூவானாகச் சிதையும் நிகழ்வுகளை எடுத்து, ஒன்று ட்ரிகரைத் தட்டியதை உறுதிசெய்துகொண்டு, மற்றதும் தட்டியதா என்று பாருங்கள்.

ஒப்பிடும் பழைய ஹிஸ்டோகிராமும் (எண்ணிக்கைப் பட்டை வரைபடம்) ஏமாற்றும். குறைவான மோதல் குவியலில் எடுத்த படத்தை இன்றைய ஓட்டத்தோடு (தொடர்ந்து தரவு எடுக்கும் ஒரு வேளை) வைத்தால் திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கைதான். நான்கு நாள் பொய்ச் சிவப்பைப் பார்த்தவர் ஐந்தாம் நாள் நிஜச் சிவப்பையும் கண்டுகொள்ளமாட்டார். மென்பொருள் திணறி நேரம் கடந்துபோன நிகழ்வுகள் தனி வரிசையில் சேரும். அதையும் திறந்து பார்க்க வேண்டும், அங்கேதான் விசித்திரமானவை கிடக்கும்.

அப்புறம் நம்மூர்ச் சிக்கல் ஒன்று. ஐரோப்பியக் கோடையில் ஜெனீவா கடிகாரமும் டர்பன் கடிகாரமும் ஒன்றே. அக்டோபர் கடைசியில் அவர்கள் ஒரு மணி நேரம் பின்னால் போவார்கள், நாம் போவதில்லை. குறிப்பேட்டில் “மூன்று மணிக்கு வேகம் குதித்தது” என்று எழுதினால் யாருடைய மூன்று மணி? ஓட்ட எண், லுமி பிளாக் (ஓட்டத்தின் சிறு நேரத் துண்டு) எண், ட்ரிகரின் முழுப் பெயர், அப்போதைய பிரீஸ்கேல், இவ்வளவையும் எழுதுங்கள்.