பழைய பனங்கையில் ஒரு வில்: தொடங்குவோருக்கான செய்முறை

குமரி மாவட்டத்தில் பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்படும்போது, கூரையைத் தாங்கிய பனங்கைகள் பெரும்பாலும் விறகோடு விறகாகப் போய்விடுகின்றன. பல பத்தாண்டுகள் ஓட்டின் கீழ் கிடந்து உலர்ந்த அந்தக் கரிய மரம், ஒற்றை மரத்துண்டில் செதுக்கும் வில்லுக்கு நன்கு பொருந்தும் என்பது என் அனுபவம். நம் ஊர் வில்லுப்பாட்டின் பெரிய வில்லும் பனை வைரத்தில் செய்யப்பட்டு வந்ததுதான். ஆனால் அது குடத்தின் மேல் வைத்து வீசுகோலால் தட்டி மணியொலி எழுப்பும் வில். இங்கே சொல்லப்போவது அம்பு எய்யும் வில் என்பதால், அதன் இரு கைகளும், அதாவது பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகளும், ஒரே சீராக வளைந்தாக வேண்டும்.

பச்சைப் பனையை வெட்ட நினைக்க வேண்டாம். பனை மரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது. அனுமதி கிடைத்தாலும், வெட்டிய மரம் உலரும் வரை காத்திருப்பது நம் ஊர் ஈரக்காற்றில் நீண்ட வேலை.

மரத்தைத் தேர்தல்

ஏறத்தாழ 180 செ.மீ. நீளமுள்ள, முறுக்கில்லாத, ஆணித்துளையும் பூச்சி அரிப்பும் இல்லாத துண்டு தேவை. பனைக்கு ஆண்டு வளையங்கள் கிடையாது. கடினமான கரிய நார்கள் பட்டையை ஒட்டி நெருக்கமாகவும், உட்புறம் போகப் போகத் தளர்வாகவும் அமைந்திருக்கும். ஆகவே பட்டைப் பக்கம் இருந்த முகத்தையே வில்லின் முதுகாக, அதாவது எய்பவரிடமிருந்து விலகி நிற்கும் புறமாகக் கொள்ள வேண்டும். நாணை இழுக்கும்போது முதுகு நீள முயலும், எய்பவரை நோக்கி நிற்கும் புறமான வயிறு நெருக்குண்ணும். முதுகில் ஒரு நார் குறுக்கே அறுபட்டாலும் அந்த இடத்தில் சிராய் கிளம்பி, அதிலிருந்தே வில் பிளக்கத் தொடங்கும் என்பதால், முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பதோடு நிறுத்திவிட்டு, செதுக்கும் வேலை அனைத்தையும் வயிற்றுப் பக்கத்திலேயே செய்ய வேண்டும். வெளிறிய மென்பகுதி முழுவதையும் முதலிலேயே நீக்கிவிடுங்கள். அதற்கு நெருக்கத்தைத் தாங்கும் வலிமை இல்லை. பனஞ்சிராய் விரலில் ஏறினால் எளிதில் வெளிவராது, கையுறை அணிவது நல்லது.

வடிவம் கொடுத்தல்

வில்லின் நீளம் 170 செ.மீ. ஆசாரிகள் செய்வதுபோல் நடுவே நூலடித்துக் கோடு போட்டு, மையத்தில் 10 செ.மீ. இடத்தைப் பிடியாக விடுங்கள். பிடியின் இருபுறமும் அகலம் 3.5 செ.மீ. இருக்கட்டும், கையின் பாதித் தூரம் வரை அதே அகலம் தொடர்ந்து, பிறகு நுனியில் 1.2 செ.மீ. ஆகும்படி குறுகட்டும். கனம் பிடியருகில் 18 மி.மீ., நுனியில் 12 மி.மீ. என்று தொடங்கினால் போதும். மீதியை வளைவு சொல்லும். வெட்டுக்கத்தியால் பருமனைக் குறைத்து, இழைப்புளியால் சமன்செய்து, இந்த அளவை நெருங்கியதும் அரத்துக்கு மாறிவிடுங்கள். நுனிகளில் நாண் மாட்டும் வெட்டுக்குப் பழந்தமிழில் குதை என்று பெயர். அதை வட்ட அரத்தால் பக்கவாட்டில் மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும், முதுகின் நாரைத் தொடக் கூடாது.

வளைவைச் சமன்படுத்துதல்

வில் வேலையின் பெரும்பகுதி இதுதான். என் முதல் வில் இந்தக் கட்டத்தில்தான் உடைந்தது. ஒரு கை மற்றதைவிட அதிகம் வளைவதைக் கண்டு, எந்தக் கை என்பதை உறுதி செய்யாமல், வில்லைத் திருப்பிப் போட்டு வளைந்த கையையே மேலும் சுரண்டியிருக்கிறேன். மறுமுறை இழுத்தபோது பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓலைப் பட்டாசுபோல் வெடித்து இரண்டாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு கையில் ‘மே’ என்றும் மற்றதில் ‘கீ’ என்றும் பென்சிலால் எழுதாமல் நான் அரத்தைத் தொடுவதில்லை.

முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியை அழுத்தி, கை முழுவதும் சிறிதளவாவது வளைகிறதா என்று பாருங்கள். இரு கைகளும் வளையத் தொடங்கியதும், வெள்ளையடித்த சுவரில் ஒரு கட்டையை அறைந்து, முதுகு மேலாக வில்லின் பிடியை அதில் அமர்த்துங்கள். குதைகளில் தளர்ந்து தொங்கும் நீளக் கயிறு ஒன்றை மாட்டி, அதன் நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. செம்பு செம்பாக ஊற்றும்போது சுமை எவ்வளவு என்பது தெரிந்துகொண்டே இருக்கும். சுவரில் கரித்துண்டால் கிடைக்கோடுகள் வரைந்து, பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரு நுனிகளும் ஒரே அளவு இறங்குகின்றனவா என்பது விளங்கும்.

கண் ஏமாறும் இடங்களுக்கு ஓர் எளிய கருவி உண்டு. 12 செ.மீ. நீளமுள்ள நேரான சிறு கட்டையின் நடுவில் துளையிட்டு, முனை கட்டையின் மட்டத்துக்குச் சற்று உள்ளே நிற்கும்படி ஒரு பென்சிலைச் செருகுங்கள். வளைந்து நிற்கும் வில்லின் வயிற்றில் அதை நகர்த்தும்போது, நன்றாக வளைந்த இடத்தில் வயிறு உட்குழிந்திருப்பதால் பென்சில் தொடாமல் போகும். விறைப்பான இடத்தில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தை மட்டும், உடைந்த கண்ணாடிச் சில்லாலோ அரத்தாலோ பதினைந்து இருபது தடவை சுரண்டுங்கள். அதிகம் வளையும் இடத்தைத் தொடவே கூடாது. அதைச் சுற்றியுள்ள விறைப்பைக் குறைத்தால்தான் அதன் பாரம் குறையும்.

சுரண்டியவுடன் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. வாளியைக் கழற்றி, சுவரடியில் பொருத்திய கிணற்றுக் கப்பி வழியாகக் கயிற்றை விட்டு, எட்டி நின்று முப்பது முறை மெதுவாக இழுத்துவிட்ட பிறகே மரம் புதிய வளைவைக் காட்டும். குறை தெரியும் அளவைத் தாண்டி ஒருபோதும் இழுக்க வேண்டாம். முதல் வில்லுக்கு 12 கிலோ இழுவிசை போதும். நடுவழியிலும் அந்தச் சுமையை மீறக் கூடாது.

நுனிகள் 12 செ.மீ. வரை சீராக இறங்கினால் நாணேற்றலாம். நைலான் இழுபட்டுக்கொண்டே போகும் என்பதால், வலைக்கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் நூலைப் பல இழைகளாக முறுக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் நாணுக்கும் பிடிக்கும் இடைவெளி 8 செ.மீ. மட்டும் இருக்கட்டும், சுரண்டுவதும் இழுப்பதுமாகத் தொடர்ந்து அதை 15 செ.மீ. ஆக்குங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு செ.மீ. கூட்டி, பிடியிலிருந்து 65 செ.மீ. வரை இழுவையைக் கொண்டுசெல்லுங்கள். இந்தக் கட்டத்தை நான் இரண்டு மூன்று மாலைகளாகப் பிரித்தே செய்கிறேன்.

அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால், அம்போடு போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே அடங்கி அதை உடைத்துவிடும். குறிக்கு வைக்கோல் திணித்த சாக்கே போதும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றமாகும், ஆகவே பேச்சிப்பாறைக் காட்டுப் பக்கம் வில்லோடு போக வேண்டாம்.

ஆளிவிதை எண்ணெயை மூன்று நான்கு முறை பூசி உலரவிடுங்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், கையில் பிடிக்கும் பொருளுக்கு அது வேண்டாம். எய்து முடித்ததும் நாணை இறக்கி, இரண்டு ஆணிகளில் கிடையாக வையுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நாட்களில் மரம் ஈரத்தை ஏற்று எளிதில் வளைந்தபடியே நின்றுவிடும். அந்த வாரங்களில் என் வில் அடுக்களைப் பரணில்தான் கிடக்கிறது.