விசேட தேவையுள்ள பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் போறீங்களா? முதல்ல நீங்க விளையாடுங்கோ

விசேட கல்வி அலகுக்குப் புதுசா வாற ரீச்சர்மார் கனபேர் பாடக்குறிப்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம், பிள்ளை அதுக்கு வெளியால ஏதும் செய்தா கை கால் ஓடாது. அதுக்குத்தான் இம்ப்ரோவ், எழுதி வைக்காம நிண்ட இடத்திலயே நடிக்கிற விளையாட்டு. 1930களின்ர கடைசியில சிக்காகோவில வயோலா ஸ்போலின் இப்பிடி விளையாட்டு வைச்சுத்தான் பிள்ளையளுக்கு நாடகம் பழக்கினவ. கிளிநொச்சியோ மாங்குளமோ, பள்ளிக்கூடம் விட்டு பஸ் வரும்வரைக்கும் நாலு ரீச்சர்மார் மரத்துக்குக் கீழ நிண்டாலே காணும்.

முதல்ல கண்ணாடி. ரெண்டுபேர் முகம் பாத்து நில்லுங்கோ, ஒராள் ஆறுதலா கையை அசைக்க மற்றாள் அப்பிடியே செய்யோணும், பிறகு ஆளை மாத்துங்கோ, கடைசியா ரெண்டுபேரும் மற்றாளையே பின்பற்றுங்கோ, ஆர் தொடங்கினதெண்டே தெரியாமப் போகும். வகுப்பில ஓட்டிசம் உள்ள பிள்ளை மேசையில தட்டிக்கொண்டிருந்தா நிப்பாட்டாம அதே தாளத்தில நீங்களும் தட்டிப் பாருங்கோ. சில பிள்ளையள் தாளத்தை மாத்தி உங்களைச் சோதிச்சுப் பாப்பினம்! கண்ணைப் பார் எண்டு நாடியைப் பிடிச்சுத் திருப்புற வேலை மட்டும் வேண்டாம்.

ரெண்டாவது, சொல்லில்லாக் கதை. "லபலப" எண்டு மட்டும் கதைச்சு, பாலைப்பழம் கனக்கத் திண்டா சொண்டு ஒட்டும் எண்டு விளங்கப்படுத்துங்கோ. கேக்கிறவர் உடன விடை சொல்லக் கூடாது, பொறுக்கோணும். பேச்சு வராத பிள்ளையோட இருக்கேக்க எங்களுக்கு வராதது அந்தப் பொறுமைதான், பிள்ளை கையை நீட்ட முதலே நாங்க சாமானை எடுத்துக் குடுத்திடுவம்.

மூண்டாவது "ஓம், அதோட". ஒராள் என்ன சொன்னாலும் மற்றாள் அப்பிடித் தொடங்கி ஒண்டு சேக்கோணும். எண்ணக் குடுத்த கட்டையளைப் பிள்ளை அடுக்கி லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) எண்டு ஓட்டினா, "ஓம், அதோட பெட்டியில மூண்டு நெல்லு மூட்டை ஏத்துவமா" எண்டு கேளுங்கோ, கணக்கு அங்கயே நடக்கும். எல்லாத்துக்கும் ஓம் இல்லை, பிள்ளை தன்ர கையைக் கடிச்சா அது விளையாட்டில்லை.

பிள்ளையளோட செய்யேக்க தொடங்கவும் முடிக்கவும் ஒரு கைச்சைகை வையுங்கோ, காது கேளாத பிள்ளைக்கும் விளங்கும். திடீரெண்டு கத்துற, பலூன் உடைக்கிற விளையாட்டு வேண்டாம், அதுக்கு எங்கட பக்கத்தில பெரியாக்களே துள்ளி எழும்புவினம். மாட்டன் எண்டு சொல்ற பிள்ளை இருந்து பாக்கட்டும். ரெண்டு மூண்டு நிமிசம் காணும், சலிக்க முதல் விட்டிடுங்கோ.