மெயிலில் மட்டும் நழுவிய டெஸ்ட் ஃபைல்

பாலோ ஆல்டோ நிறுவனத்தின் ஃபயர்வால் (நெட்வொர்க்கில் வந்துபோவதைச் சோதித்து வடிகட்டும் கருவி) தேர்வுக்காக கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அறையில் லேப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். எதை உள்ளே விடலாம் என்று சொல்லும் ரூலில், வைரஸ் கண்டால் என்ன செய்வது என்று சொல்லும் ‘டிஃபால்ட்’ ஆன்டிவைரஸ் புரொஃபைலை மாட்டிவிட்டு ஐகார் டெஸ்ட் ஃபைலை (ஆன்டிவைரஸைச் சோதிக்கவே உள்ள போலி வைரஸ், ஆபத்தில்லாததுதான்) ஹெச்டிடிபி (வெப்) வழியாக இறக்கினால் உடனே வெட்டியது, அதையே எஸ்எம்டிபி மெயிலில் இணைத்து அனுப்பினால் சமர்த்தாகப் போய்ச் சேர்ந்தது. இரவு 2 மணி வரை ரூல் வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தேன், தே தாரிக் ஆறிப்போனதுதான் மிச்சம்.

அப்புறம் த்ரெட் லாகை (பிடிபட்ட ஆபத்துகளின் பதிவேடு) திறந்தால், ஆக்‌ஷன் என்ற இடத்தில் ‘அலர்ட்’ என்று இருக்கிறது! வெப்பும் ஃபைல் பரிமாற்றமுமான ஹெச்டிடிபி, எஃப்டிபி, எஸ்எம்பிக்கு ரீசெட்-போத், அதாவது இரு முனையிலும் இணைப்பை வெட்டுவது. மெயிலுக்கான எஸ்எம்டிபி, ஐமேப், பாப்3க்கு வெறும் அலர்ட், அதாவது பதிவு மட்டும் செய்துவிட்டு விட்டுவிடுவது, அதுதான் அந்த டிஃபால்ட். சரி, திருத்தலாம் என்றால் அது ரீட்-ஒன்லி. குளோன் எடுத்து, எஸ்எம்டிபியை ரீசெட்-போத் ஆக்கி, ரூலில் அந்த நகலை மாட்டினேன். கமிட் (மாற்றத்தை அமலாக்கும் கட்டளை) கொடுக்க மறந்து இன்னொரு கால் மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தது வேறு கதை. கொடுத்ததும் மெயில் நின்றது.