முதல் மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் விசாரிக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை வேகத்தைச் சுற்றியே இருக்கின்றன. எத்தனை சிசி, பிக்கப் எப்படி, பைபாஸில் நூறைத் தொடுமா என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் புதிதாக ஓட்டுபவர் வண்டியைக் கீழே போடும் இடங்கள் வேறு. பெட்ரோல் பங்க் வரிசையில் அங்குலம் அங்குலமாக நகரும்போதும், சந்துக்குள் ஒரே மூச்சில் திருப்ப முயலும்போதும், மேட்டில் நிறுத்திய வண்டியை மீண்டும் கிளப்பும்போதும்தான் அவர் தடுமாறுகிறார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டுப் போடச் சொல்வதும் இந்த மெதுவேகக் கட்டுப்பாட்டைப் பார்ப்பதற்காகத்தான். முதல் வண்டியையும் அந்த வேகத்தில் வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்க்கத் தவறுவதிலிருந்தே மற்றத் தவறுகளில் பாதி பிறக்கின்றன.

எடையையும் இருக்கை உயரத்தையும் பார்க்காமல் முன்பணம் கட்டிவிடுவது இவற்றில் முதலாவது. ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ எடையும் 785 மில்லிமீட்டர் இருக்கை உயரமும் கொண்டது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ, இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர்தான் வேறுபாடு என்றாலும் எடையில் எண்பது கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. வண்டி நேராக நிற்கும்வரை இந்த எடை கையில் தெரியாது. ஒரு பக்கம் சாயத் தொடங்கி, அந்தப் பக்கத்துக் காலும் மணலிலோ பள்ளத்திலோ பட்டு வழுக்கினால், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் தாங்கிப் பிடிக்க முடியாது. உயரக் கணக்கை மட்டும் நம்புவதும் சரியல்ல. இருக்கையின் முன்பகுதி குறுகலாக இருந்தால் கால் எளிதில் தரையைத் தொடும்; அகலமாக இருந்தால், அதே உயரத்திலும் நுனிக்கால்தான் எட்டும்.

ஷோரூமில் சென்டர் ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஏறி அமர்ந்து, விற்பனையாளர் எடுத்துத் தரும் படத்துக்குச் சிரித்துவிட்டு இறங்குவதால் இவற்றில் எதுவும் தெரியவராது. வழக்கமாக அணியும் செருப்பு அல்லது ஷூவுடன் சென்று, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, இரண்டு காலையும் ஊன்றி வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலான ஷோரூம்களின் வாசலில் சாலைக்கு இறங்கும் ஒரு சரிவு இருக்கும். எஞ்சினை அணைத்த நிலையில் வண்டியை அந்தச் சரிவில் ஏற்றிப் பார்த்தால், வீட்டு வாசலில் தினமும் என்ன பாடுபடப் போகிறீர்கள் என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். டெஸ்ட் டிரைவ் தரும்போது நேர்ச்சாலையில் முறுக்கிப் பார்ப்பதை விட்டு, பக்கத்துத் தெருவில் பாதி கிளட்சில், காலை ஊன்றாமல் யூ டர்ன் எடுத்துப் பாருங்கள். யமஹா ஆர்15 போன்ற, முகப்பு முழுவதும் மூடிய வண்டிகளில் ஹேண்டில்பார் தாழ்வாக இருப்பதோடு, அது திரும்பும் கோணமும் பொதுவாகக் குறைவு. நெரிசலான ஊரில் அவற்றைக் கொண்டு பழகுவது மணிக்கட்டுக்கும் பொறுமைக்கும் ஒருசேர வைக்கும் சோதனை.

சிசியைக் கொண்டே வண்டியின் குணத்தை முடிவு செய்வது அடுத்த தவறு. 349 சிசி கொண்ட கிளாசிக் 350 தரும் உச்சத் திறன் சுமார் 20 குதிரைத்திறன். கிட்டத்தட்ட 200 சிசி கொண்ட கேடிஎம் 200 டியூக் தருவதோ 25. முன்னது குறைந்த எஞ்சின் சுழற்சியிலேயே இழுவிசையைக் கொடுத்து நிதானமாக நகரும். பின்னது சுழற்சி ஏற ஏறச் சீறும் இயல்புடையது. ஆகவே, “முந்நூற்றைம்பது வேண்டாம், இருநூறே போதும்” என்று வீட்டில் நிம்மதியாக ஒப்புதல் கொடுக்கும் பெற்றோர், அடக்கமான வண்டியை ஒதுக்கிவிட்டுத் துடுக்கான வண்டிக்குக் கையெழுத்துப் போடக்கூடும். திராட்டிலைச் சற்றே கூடுதலாகத் திருகியதற்கு வண்டி எப்படிப் பதில் சொல்கிறது என்பதே புதியவருக்கு முக்கியம். அந்த வகையில் நூறு முதல் நூற்றைம்பது சிசி வரையிலான சாதாரணப் பயண வண்டிகளைக் குறைத்து மதிப்பிடுவதில் நியாயமில்லை.

பிரேக்கைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதாவது திடீர் பிரேக்கில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு, கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு உட்பட்டவற்றில் ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ் (ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரங்களிலும் பிரேக் விழச் செய்யும் அமைப்பு) இருக்க வேண்டும் என்பது அப்போது வந்த விதி. சிங்கிள் சேனல் ஏபிஎஸ் முன்சக்கரத்தை மட்டுமே பூட்டிக்கொள்ளாமல் காக்கிறது. ஆனால் சைக்கிள் காலத்திலிருந்தே “முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய்” என்று கேட்டு வளர்ந்த நம்மவர், பதற்றத்தில் முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கைத்தான் ஓங்கி மிதிக்கிறார். எந்தச் சக்கரத்துக்குக் காவல் இல்லையோ அதுவே பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதைப் பழகிக்கொள்வது அவசியம். ஒரே வண்டி சிங்கிள் சேனலிலும், இரண்டு சக்கரங்களையும் காக்கும் டூயல் சேனலிலும் கிடைக்குமானால், புளூடூத்துக்கும் வண்ண மீட்டருக்கும் கொடுக்கத் துணியும் கூடுதல் பணத்தை டூயல் சேனலுக்குக் கொடுக்கலாம்.

பின்னால் யார் அமரப் போகிறார்கள் என்பதையும் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். உயரமாகத் தூக்கி அமைத்த பின்னிருக்கையில் சேலை கட்டிய அம்மாவை அமர வைத்துச் சந்தைக்குப் போக முடியாது என்பதை வண்டி வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடிக்கும் குடும்பங்கள் உண்டு.

விலையில், வரியும் காப்பீடும் பதிவும் சேராத எக்ஸ் ஷோரூம் தொகையை வைத்துக் கணக்குப் போடுவது பழைய தவறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வீதப்படி, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான புதிய இருசக்கர வாகனத்துக்கு ஆயுட்கால வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75 முதல் 150 சிசி வரை அது 3,851 ரூபாய். 150ஐத் தாண்டினால் 350 சிசி வரை 7,365 ரூபாய். அதற்கும் மேல் 15,117 ரூபாய். 149 சிசி வண்டிக்கும் 160 சிசி வண்டிக்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம், காப்பீட்டில் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்று பிரிந்துவிட்டது. இந்தக் கூட்டலில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட்டின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஷோரூமில் இலவசமாகத் தருவது உங்கள் தலைக்குப் பொருந்தும் என்று எந்த உறுதியும் இல்லை.

பிளஸ் டூ தேர்ச்சிக்குப் பரிசாக வண்டி வாங்கித் தருபவர்கள் பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளட்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கு அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

பழைய வண்டி என்றாலே முகம் சுளிப்பது தேவையற்றது. எப்படியும் ஓரிரு முறை கீழே விழப்போகும் வண்டி ஏற்கெனவே கீறல் விழுந்ததாக இருப்பதில் லாபமே உண்டு. ஆனால் கழுவித் துடைத்த பளபளப்பில் மயங்கக் கூடாது. பார்க்கப் போனதும் எஞ்சினுக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் வண்டியை உங்களுக்காக முன்கூட்டியே ஓடவிட்டிருக்கலாம். ஆறியபின் மறுபடி வருவதாகச் சொல்லுங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெல்ல இருபுறமும் திருப்பும்போது நடுவில் எங்காவது தட்டுப்பட்டு நின்றால், ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவர்களுடைய தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை வாங்கி, முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.